கத்தரிச் செடி வண்டும் தரங்கம்பாடி டாக்டரும்

கொல்லையில் ஆசையோடு கத்தரி நடுகிறோம். தினமும் தண்ணீர் விட்டு வளர்க்கிறோம். ஒரு நாள் காலையில் பார்த்தால் இலையெல்லாம் சல்லடையாகக் கிடக்கிறது. இலையைப் புரட்டினால் அடியில் சின்னஞ்சிறு வண்டு! செம்பழுப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள்.

பொறுமையாக எண்ணினால் ஒரு பக்கச் சிறகில் 14, மறு பக்கத்தில் 14, ஆக 28 புள்ளிகள் இருக்கும். இருபத்தெட்டுப் புள்ளி வண்டு என்பதே அதன் விஞ்ஞானப் பெயர். 1775-ம் ஆண்டில் அந்தப் பெயரைச் சூட்டியவர் பப்ரீசியஸ் என்ற டென்மார்க் அறிஞர்.

எங்கோ இருந்த அவருக்கு நம் நாட்டுப் பூச்சிகள் பலவற்றைச் சேகரித்து அனுப்பியவர் ஒருவர் இருந்தார். காவிரி கடலில் கலக்கும் தஞ்சைச் சீமையில், தரங்கம்பாடியில் வாழ்ந்த வைத்தியர் அவர். பெயர் யோஹான் கெர்ஹார்டு கோனிக்.

பனி நாட்டிலிருந்து வெயில் நாட்டுக்கு

கோனிக் 1728-ல் பால்டிக் கடல் பக்கத்து லிவோனியாவில் பிறந்தார். அந்த ஊர் இன்று லாத்வியா நாட்டில் இருக்கிறது. சுவீடன் சென்று, உலகப் புகழ்பெற்ற லின்னேயஸிடம் பாடம் கேட்டார். செடியானாலும் பூச்சியானாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய மேதை அவர். பப்ரீசியஸும் அவருடைய மாணவரே.

ஐஸ்லாந்தின் பனியில் செடிகளைத் தேடி அலைந்த கோனிக், 1768-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அந்த ஊர் டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு அவர் வைத்தியர்.

வந்த வேலை வைத்தியம். மனம் சென்றதோ செடி கொடிகளிடமும் பூச்சிகளிடமும்! ஊர் ஊராகச் சுற்றிச் சேகரிக்கப் பணம் வேண்டுமே? மிஷன் சம்பளம் போதவில்லை. 1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதன் பேரில் சயாம், மலாக்கா வரை போய் வந்தார்.

புற்றுக்குள் என்ன இருக்கிறது?

மரத்தையும் வீட்டு உத்தரத்தையும் அரிக்கும் கரையானை எல்லோரும் வெறுத்தார்கள். கோனிக் அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். புற்றுக்குள் காளான் வளர்வதைக் கவனித்தார். கண்டவற்றை 1779-ல் பெர்லின் நகரில் வெளியான கட்டுரையில் எழுதினார்.

நம் மக்கள் ஈசல் பிடித்த விதத்தையும் அதில் வர்ணித்திருக்கிறார். காற்று வரும் பக்கம் ஒன்று, காற்று போகும் பக்கம் ஒன்று என்று புற்றில் இரண்டு துளை போடுவார்கள். ஒரு துளையில் நாற்றமெடுக்கும் பொருள்களைப் போட்டுத் தீ மூட்டுவார்கள். மறு துளையில் பானை வைப்பார்கள். பானையின் வாயில் முன்கூட்டியே கறிவேப்பிலையைத் தேய்த்திருப்பார்கள். புகைக்கு அஞ்சி ஈசல் கூட்டம் பானைக்குள் வந்து விழும். சில சமயம் நல்ல பாம்பும் கூடவே வரும்! ஆகவே பானையை எடுக்கும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து ஏழை எளியவருக்கு மலிவாக விற்பார்களாம். அதை அளவுக்கு மீறித் தின்றால் வயிற்றுக்கடுப்பு வரும் என்றும் கோனிக் எழுதி வைத்தார்.

அதே வயிற்றுக்கடுப்பு நோய்தான் பின்னர் அவர் உயிரையும் பறித்தது. 1785-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் அவர் காலமானார். அப்போது வயது 56. கடைசி நாட்களில் வைத்தியம் பார்த்தவர் அவருடைய நண்பர் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவர இயலின் தந்தை என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர் அவரே. கோனிக் எழுதி வைத்த குறிப்புகள் இங்கிலாந்திலிருந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற அறிஞருக்குப் போய்ச் சேர்ந்தன.

பகை எது? நட்பு எது?

பூச்சிக்குப் பெயர் வைப்பதால் செடி பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். பிழைக்கும்! கத்தரி இலையைத் தின்னும் வண்டுக்கு உறவான வேறு பொறிவண்டுகளும் உண்டு. பளபளவென்று மின்னும் முதுகு கொண்ட அவற்றில் பல, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று நமக்கு உதவுகின்றன. கத்தரி வண்டின் முதுகிலோ பளபளப்பு இல்லை. மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் கொன்றால் காவல்காரனையே கொன்றவராவோம்.

கத்தரி வண்டு இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். முள் முளைத்தது போன்ற மஞ்சள் புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். முட்டையுள்ள இலையைக் கிள்ளி அழிக்க வேண்டும். புழுவையும் வண்டையும் காலை வேளையில் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட வேண்டும். சிறு தோட்டத்துக்கு இதுவே போதும்.

தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கும் இதே நியாயம்தான். வண்டு இருப்பது மர உச்சியில். அது பிறந்து வளர்வதோ கீழே, எருக்குழியில்! குருத்திலுள்ள வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பதோடு நின்றால் பயனில்லை. எருக்குழியைக் கிளறிப் புழுக்களையும் அழிக்க வேண்டும். புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் பச்சைப் பூஞ்சாணத்தை எருவில் கலக்கும் முறையும் இன்று உண்டு.

பூச்சி எங்கே பிறக்கிறது, எதைத் தின்கிறது, எப்போது இறகு முளைக்கிறது என்று கவனிப்பவரே அதை வெல்ல முடியும். கோனிக் வாழ்நாள் முழுவதும் செய்தது அந்தக் கவனிப்பைத்தான்.

ஈசல் பானையில் தேய்த்த கறிவேப்பிலையை அவர் மறக்கவில்லை. உலகமும் அவரை மறக்கவில்லை. கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் கோனிக்கின் பெயரைச் சேர்த்தவர் அவருடைய குருவான லின்னேயஸே. நாம் தாளிக்கும் ஒவ்வொரு கொத்திலும் தரங்கம்பாடி டாக்டரின் பெயர் மணக்கிறது.