கோழிக் கொட்டகையிலிருந்து தென்னஞ் சோலைக்கு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். அந்த வட்டாரத்தில் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குப் புதுச்சேரி கைக்கெட்டும் தூரம். கடற்கரையோரம் நிற்கலாம், பிரெஞ்சுக்காரர் கட்டிய வீதிகளில் மஞ்சள் சுவரின் முன் நிற்கலாம். தாத்தா, பாட்டி, பேரக் குழந்தைகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று படம் எடுப்பவர் பார்ப்பார்.

அந்தப் புதுச்சேரியில் பிறந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் பேத்தி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியோடு ஒரு தென்னை மரத்தடியில் நின்றார். புகைப்படக் கலை வரலாற்றில் அழியாப் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்தான் அவர்.

கல்கத்தாவில் பிறந்தவர்

ஜூலியா 1815-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். தாய் பிரெஞ்சு வம்சத்தவர். சகோதரிகள் அழகுக்குப் பெயர் போனவர்கள். ஜூலியாவுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. கெட்டிக்காரி என்ற பெயர் கிடைத்தது.

1838-ல் சார்லஸ் ஹே காமரனை மணந்தார். கணவர் அவரைவிட இருபது வயது மூத்தவர், சட்ட நிபுணர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்த கமிஷனில் மெக்காலேயுடன் பணியாற்றியவர். இலங்கையில் நிலம் வாங்கியிருந்தார். அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன.

1848-ல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860-ல் வைட் தீவில், கவிஞர் டென்னிசனின் வீட்டுக்கு அருகே ஒரு வீடு வாங்கிக் குடியேறினார்கள். அந்த வீட்டுக்கும் இலங்கைத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள்.

மகள் தந்த பரிசு

1863-ம் ஆண்டு கடைசி. கணவர் இலங்கைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தாயின் தனிமைக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அம்மையாருக்கு வயது 48. புகைப்படம் எடுப்பது அவருக்குப் புதிது.

கோழிக் கொட்டகை காலியாயிற்று. அதையே படம் எடுக்கும் கூடமாக்கினார். நிலக்கரி போட்டு வைத்திருந்த அறை இருட்டறையாயிற்று. 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்ற சிறுமியை எடுத்த படமே தமது முதல் வெற்றி என்று கொண்டாடினார்.

அந்தக் கொட்டகையில் வெளிச்சம் அவர் சொன்னபடி கேட்டது. வேண்டாத பக்கத்தில் திரையை இழுத்துவிட்டு, ஒரு பக்கத்து ஒளி மட்டும் முகத்தில் விழும்படி செய்வார். டென்னிசன், டார்வின், வான நூல் மேதை ஹெர்ஷல் ஆகியோர் அவர் காமிராவின் முன் உட்கார்ந்தார்கள். வேலைக்காரப் பெண்களும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் தப்பவில்லை. ஒரு படத்துக்கு மூன்று நிமிஷம் முதல் ஏழு நிமிஷம் வரை கூட அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் உருவம் கலங்கும்.

1873-ல் அந்த வீட்டில் பேரிடி விழுந்தது. காமிராவைப் பரிசளித்த அன்பு மகள் பிரசவத்தில் இறந்துபோனாள்.

இலங்கைக்குப் பயணம்

1875-ல் தம்பதியர் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். புதல்வர்கள் அங்கே இருந்தார்கள். இங்கிலாந்தைவிட அங்கே குறைந்த செலவில் வாழலாம். காப்பிச் செடியைப் பூஞ்சண நோய் பிடித்து, தோட்ட வருமானம் சரிந்துகொண்டிருந்த காலம் அது. பயணத்தில் ஒரு பசுவையும் இரண்டு சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார்கள். பெட்டிகளுக்குள் பீங்கானும் கண்ணாடிச் சாமான்களும் அடைத்து வைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

களுத்துறையில் கடலோரம் வாசம். கோழிக் கொட்டகை ஸ்டூடியோ இப்போது கிடையாது. காமிரா தாழ்வாரத்துக்கும் மரத்தடிக்கும் வந்தது.

அக்காலத்தில் வெளியே இடம் தேடுவது லேசான காரியமல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். சுமார் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தாக வேண்டும். வெப்ப நாட்டில் தகடு இன்னும் சீக்கிரம் காயும். ஆகவே எவ்வளவு அழகான இடமானாலும், இருட்டறைக்கும் நல்ல தண்ணீருக்கும் பக்கத்தில் இல்லாவிட்டால் பயன் இல்லை. வீட்டு வாசல், தாழ்வாரம், முற்றத்து மரம் ஆகியவையே கைகொடுத்தன.

தென்னை நிழலில் ஒரு சோதனை

1877-ல் மரியான் நார்த் என்ற பெண் ஓவியர் விருந்தாளியாக வந்தார். அம்மையார் அவருக்குச் சால்வை போர்த்தி, தென்னை ஓலைகளுக்கு நடுவே நிறுத்தினார். உச்சி வேளை, வெப்பம் பாரன்ஹீட் கணக்கில் 96 டிகிரி. ஓலை நுனிகள் தலையில் குத்தின. காற்றில் ஓலை ஆடும்போதெல்லாம் வெயில் கண்ணில் பாய்ந்தது. இவ்வளவுக்கும் இடையே இயல்பாக இருக்க வேண்டும் என்பது அம்மையாரின் கட்டளை! அந்த அனுபவத்தை நார்த் பிற்பாடு நகைச்சுவையோடு எழுதி வைத்தார்.

வெளியில் படம் எடுப்பவர்கள் இன்றும் சந்திக்கும் சங்கடங்கள் இவையே. உச்சி வெயிலில் கண் இடுங்கும். புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கும். இலை ஆடினால் முகத்தில் வெயில் திட்டுத் திட்டாக விழும். தாழ்வாரமோ மேலே நிழலும் எதிரே வானத்து வெளிச்சமும் தரும். இன்னொரு படத்தில் நார்த் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓவியம் தீட்டுகிறார். குடம் ஏந்திய ஒருவர் நிற்கிறார். முன்பு வெயிலில் தவித்த அதே பெண்மணி இங்கே அமைதியாக இருக்கிறார்.

பெயர் இல்லாத முகங்கள்

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் பல, ஏழை எளிய உழைப்பாளிகளின் படங்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து தோட்ட வேலைக்குப் போன தமிழர்களும் அவர்களில் உண்டு. ஒருவரின் முதுகின் அமைப்பு மிக நேர்த்தியாக இருந்ததாம். அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மையார் மகனிடம் பிடிவாதம் பிடித்தார். வீட்டில் தோட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை!

1878-ல் எடுத்த ஒரு படம் மனத்தை விட்டு அகலாதது. களுத்துறைக் குடியானவர்களின் படம் அது. சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், கிழவர் அவளுடைய தகப்பனார் என்று சொல்லிக்கொள்கிறார் என்றும், தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் அதில் குறிப்பு இருக்கிறது. வயது இருக்கிறது, உறவு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. டென்னிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் எழுதிய கை, இவர்களின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. இவர்கள் யார், எந்த ஊர், சந்ததியார் எங்கே என்று இனித் தேடினாலும் கிடைக்காது. அம்மையாரின் புகழில் இது ஒரு குறைதான்.

1879 ஜனவரி 26-ந் தேதி, டிக்கோயா பள்ளத்தாக்கில் அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். பொகவந்தலாவை மாதா கோயில் கல்லறையில், தோட்டங்கள் சூழ்ந்த மலைச் சரிவில் இருவரும் உறங்குகிறார்கள்.

அவர் இறந்த அதே 1879-ம் ஆண்டு டிசம்பரில், விழுப்புரத்திலிருந்து அவருடைய பாட்டியின் ஊரான புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இன்று கண்டமங்கலத்துக் குடும்பத்துக்கு ஈரத் தகடும் இல்லை, இருட்டறைக் கவலையும் இல்லை. காலை வெயிலோ மாலை வெயிலோ பார்த்து, நல்ல நிழலில், வெறும் சுவரின் முன் நின்றால் படம் நன்றாகவே விழும். எடுத்த பிறகு, அதில் நிற்பவர்களின் பெயரையும் ஊரையும் ஒருவர் எழுதி வைத்துவிட வேண்டும். களுத்துறைக் கிழவருக்கும் சிறுமிக்கும் கிடைக்காமல் போனது அதுதான்.