தறையாணி இல்லாத பாலம்

உக்ரேன் நாட்டின் தலைநகரான கீவ் நகரில், தினீப்பர் ஆற்றின் குறுக்கே 1,543 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாலம் ஒன்று உள்ளது. பழைய இரும்புப் பாலங்களில் வரிசை வரிசையாகத் தெரியும் குமிழ்த்தலைத் தறையாணிகளை இப்பாலத்தில் காண முடியாது. இதன் எஃகுத் தகடுகள் யாவும் மின்சாரத்தின் வெப்பத்தால் உருக்கிப் பற்றவைக்கப்பட்டவை. இப்பாலத்திற்கு உருக்கொடுத்த யெவ்கேனி பட்டோன் தம் வாழ்வின் முற்பகுதியில் தறையாணிப் பாலங்களைக் கட்டிப் புகழ்பெற்றவர். ஏறத்தாழ அறுபது வயதை நெருங்கிய வேளையில், தாம் கற்றுத் தேர்ந்த முறையை விடுத்துப் புதிய தொழில் ஒன்றைக் கற்கத் தொடங்கினார்.

பட்டோன் 1870ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரில் உருசியத் தூதரக அதிகாரியாகப் பணியாற்றினார். பட்டோன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பொறியியல் பயின்று 1894இல் பட்டம் பெற்றார். ஆயினும், வெளிநாட்டுப் பட்டத்தைக் கொண்டு உருசியாவில் பாலம் கட்டும் பொறியியலாளராகப் பணியாற்ற இயலவில்லை. அதற்காக அவர் மனம் தளரவில்லை. மீண்டும் மாணவராகச் சேர்ந்து, 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இரண்டாவது பட்டத்தையும் பெற்றார். 1904இல் கீவ் நகருக்குச் சென்று, அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அவர் பாலங்களுக்காகவே வாழ்ந்தார். பாலங்களை வடிவமைத்தார், பாடநூல்கள் எழுதினார், பழைய பாலங்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று சோதித்தார். கீவ் நகரில் போரின்போது தகர்க்கப்பட்ட ஒரு பாலத்திற்கு மாற்றாக அவர் வடிவமைத்த புதிய பாலம் 1925இல் திறக்கப்பட்டது.

அக்காலத்தில் எஃகுத் தகடுகளை இணைக்கத் தறையாணி முறையே கையாளப்பட்டது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துளையிடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய தறையாணியைத் துளையில் செருகி, மறுமுனையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குவார்கள். ஒரு பாலத்திற்குப் பல்லாயிரம் தறையாணிகள் தேவைப்படும். துளையிட்ட இடத்தில் தகடு வலுவிழக்கும்; அதை ஈடுசெய்யத் தடித்த தகடுகளைப் பயன்படுத்த வேண்டும். இதனால் பாலத்தின் எடை கூடும். எஃகும் உழைப்பும் வீணாகும்.

பற்றவைப்பு முறையில் இக்குறைகள் இல்லை. உலோகக் குச்சிக்கும் தகட்டிற்கும் இடையே மின்சாரம் பாயும்போது கண்ணைக் கூசவைக்கும் மின்வில் தோன்றுகிறது. அதன் வெப்பத்தில் குச்சியின் நுனியும் தகடுகளின் விளிம்புகளும் உருகி ஒன்றாகக் கலந்து, ஆறியதும் ஒரே உலோகமாக இறுகுகின்றன. இம்முறை பழுதுபார்க்கும் பட்டறைகளில் முன்பே வழக்கில் இருந்தது. இதனைக் கொண்டு பாலத்தையே கட்ட முடியுமா என்ற கேள்வி பட்டோனின் மனத்தில் எழுந்தது. 1929ஆம் ஆண்டு, தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், அவர் கீவ் நகரில் ஒரு சிறிய பற்றவைப்பு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பாலத்துறையில் பெற்ற பெயரோடு அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். புதிய துறையில் தோற்றுப்போனால் அப்பெயருக்கே இழுக்கு நேரும். அதை அறிந்தே அவர் இம்முயற்சியில் இறங்கினார்.

முதலில், பற்றவைத்த இணைப்புகளின் வலிமையைச் சோதிக்கும் பணி தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. பின்னர் அவை பொறிகளில் பூட்டப்பட்டு, இழுத்து முறிக்கப்பட்டன. நன்றாகச் செய்யப்பட்ட இணைப்பு தறையாணி இணைப்பிற்குச் சற்றும் சளைத்ததன்று என்பது தெளிவாயிற்று. ஆனால், எல்லா இணைப்புகளும் நன்றாக அமையவில்லை.

பற்றவைப்பில் குறைகள் பல வழிகளில் நேரும். தகட்டில் துருவும் எண்ணெயும் ஈரமும் இருந்தால், அவற்றிலிருந்து எழும் வாயு உருகிய உலோகத்தில் சிக்கி நுண்துளைகளை உண்டாக்கும். மின்னோட்டம் குறைந்தால் உலோகம் ஆழமாக உருகாமல் மேலாகவே ஒட்டிக்கொள்ளும். மிகுந்தால் விளிம்பு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழும். குச்சியைத் தகட்டிலிருந்து தூரமாகப் பிடித்தால் மின்வில் நீளும்; காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தில் கலந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். கசடு உள்ளே அகப்பட்டுக்கொண்டால் இணைப்பு வெளியே அழகாகத் தோன்றினாலும் உள்ளே பலவீனமாக இருக்கும். தொழிலாளியின் கை சற்று நடுங்கினாலும், களைப்பினால் அவருடைய வேகம் மாறினாலும் இக்குறைகள் தலைகாட்டும். பல கிலோமீட்டர் நீளத்திற்கு இணைப்புகள் தேவைப்படும் ஒரு பாலத்தில், கைத்திறனை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதைப் பட்டோன் உணர்ந்தார்.

1934இல் அவருடைய ஆய்வுக்கூடம் மின்பற்றவைப்பு ஆய்வு நிலையமாக வளர்ந்தது. கையின் வேலையைப் பொறியிடம் ஒப்படைப்பதே அதன் முக்கிய நோக்கமாயிற்று. முதலில் செய்த பொறிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பின்னர், மின்வில்லை இளக்கி என்னும் பொடிக் குவியலுக்குள் மறைத்துவிடும் முறையை அவர்கள் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் தோன்றியிருந்த இம்முறையைப் பட்டோனின் குழுவினர் தங்கள் சொந்த முயற்சியில் உருவாக்கினார்கள். உலோகக் கம்பி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். மின்வில் பொடிக்கு அடியில் எரியும். பொடி உருகி, உலோகத்தின்மீது போர்வைபோல் பரவிக் காற்றைத் தடுக்கும். வேலை முடிந்ததும் மேலே படிந்த கசட்டைத் தட்டி நீக்கினால், அடியில் ஒழுங்கான இணைப்பு காணப்படும். கண்ணைக் கூசவைக்கும் ஒளி வெளியே தெரிவதில்லை. வேலையும் பன்மடங்கு விரைவாக முடிந்தது.

1941இல் போர் மூண்டது. பட்டோனும் அவருடைய குழுவினரும் யூரல் மலைப் பகுதியிலுள்ள நிஸ்னி தாகில் நகருக்கு இடம்பெயர்ந்தனர். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. அங்கே பீரங்கி வண்டிகளின் கனத்த எஃகுத் தகடுகளை இணைக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வகைக் கடினமான எஃகு, பற்றவைத்து ஆறும்போது வெடிப்பு விடும் இயல்புடையது. தேர்ந்த பற்றவைப்புத் தொழிலாளர்களுக்கும் பற்றாக்குறை இருந்தது. இளக்கிப் பொடிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இரும்பு உருக்காலையில் கிடைத்த கசட்டைப் பயன்படுத்தும் வழியைக் கண்டறிந்தனர். வெடிப்புக்கான காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினர். எளிமையாக்கப்பட்ட பொறிகளைப் பெண்களும் இளையர்களும் சிறிது காலப் பயிற்சியிலேயே இயக்கினார்கள். பல்லாண்டுப் பழக்கம் தேவைப்பட்ட ஒரு கைத்தொழிலில், புதியவர்களும் நம்பகமான இணைப்பை உருவாக்க முடிந்தது.

1944இல் பட்டோன் கீவ் நகருக்குத் திரும்பினார். அவர் கட்டிய 1925ஆம் ஆண்டுப் பாலம் போரில் தகர்க்கப்பட்டுவிட்டது. பற்றவைப்பால் ஒரு பெரும்பாலம் கட்ட வேண்டும் என்ற தம் பழைய கனவை அவர் மீண்டும் கையில் எடுத்தார். ஆனால், பொறியியலாளர் பலர் அதற்குத் தயங்கினர். அத்தயக்கத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. 1938இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில், ஆல்பர்ட் கால்வாயின்மேல் பற்றவைத்துக் கட்டிய பாலம் குளிர்ந்த வேளையில் வெடித்து நீரில் விழுந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவில் பற்றவைத்துக் கட்டப்பட்ட சில கப்பல்களும் குளிர்ந்த கடலில் பிளந்தன. தறையாணி இட்ட தகட்டில் ஏற்படும் வெடிப்பு அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடக்கூடும். பற்றவைத்த அமைப்போ ஒரே உலோகம் என்பதால், வெடிப்பு தடையின்றி ஓடிவிடும்.

இவ்விபத்துகளைப் பட்டோன் ஒதுக்கித் தள்ளவில்லை. பற்றவைப்புக்கு ஒவ்வாத எஃகும் தவறான வடிவமைப்பும் சேர்ந்தால் எந்த இணைப்பும் தோற்கும் என்று அவர் கருதினார். ஆகவே, குளிரிலும் நொறுங்காத, பற்றவைப்புக்கு ஏற்ற எஃகைப் பாலத்திற்கென்றே உருவாக்கச் செய்தார். வெடிப்பு தொடங்கக்கூடிய கூர்மையான மூலைகளைத் தவிர்க்கும்படி பாலத்தின் உறுப்புகள் வடிவமைக்கப்பட்டன. பெரும்பாலான இணைப்புகளைத் தானியங்கிப் பொறிகளே செய்தன.

பாலப்பணி நிறைவை நெருங்கிய நேரத்தில், 1953 ஆகஸ்டு 12ஆம் நாள் பட்டோன் காலமானார். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை. பாலத்திற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அவர் நிறுவிய ஆய்வு நிலையத்தை அவருடைய மகன் போரிஸ் பட்டோன், 2020இல் தாம் மறையும்வரை வழிநடத்தினார்.

இன்று பாலங்கள், கப்பல்கள், எரிவாயுக் குழாய்கள் எனப் பலவும் பற்றவைப்பால் உருவாகின்றன. வீட்டின் பின்புறப் பட்டறையில் ஓர் இரும்புக் கதவைச் செய்பவருக்கும் பட்டோன் கண்ட சிக்கல்களே எதிர்ப்படுகின்றன. தகட்டைத் துடைத்துத் தூய்மை செய்தல், மின்னோட்டத்தைச் சரியாக அமைத்தல், குச்சியைச் சீராக நகர்த்துதல், முறிந்த இணைப்பை எறிந்துவிடாமல் அதன் காரணத்தை ஆராய்தல் ஆகியவை இன்றும் அத்தொழிலின் அடிப்படையாக விளங்குகின்றன. தினீப்பர் ஆற்றின்மேல் நிற்கும் பாலமும் இவற்றின்மீது எழுந்ததே ஆகும்.