எஸ். ஜி. கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா (ஆகஸ்ட் 25, 1906 - டிசம்பர் 2, 1933) தமிழ் நாடக மேடையில் பெரும்புகழ் பெற்ற பாடகரும் நடிகரும் ஆவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திரண்டிருந்த கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மிக உயர்ந்த சுருதியில் பாடியவர். நாடகக் கலைஞர் கே. பி. சுந்தராம்பாளின் கணவர் என்ற முறையிலும் அறியப்படுகிறார். 27 வயதிலேயே மறைந்துவிட்டதால் இவருடைய கலை வாழ்க்கைக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகளும் நேரில் கேட்டவர்களின் நினைவுகளுமே. இவரை நாடகப் பாடகர் என்பதா, கருநாடக இசைக் கலைஞர் என்பதா, இவருடைய தனிவாழ்க்கையை எவ்வாறு எழுதுவது என்பன பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

பிறப்பும் இளமையும்

கிட்டப்பா மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள செங்கோட்டையில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இவரது இயற்பெயர் இராமகிருஷ்ணன். பெயரின் முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிக்கும்.

செங்கோட்டை, குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் அருகில் அமைந்த ஊர். ஆயினும் கிட்டப்பா வாழ்ந்த காலத்தில் தென்காசி பிரித்தானிய ஆட்சியின் திருநெல்வேலி மாவட்டத்திலும், செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பின்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019இல் புதிதாக அமைக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் பகுதியானது. எனவே கிட்டப்பாவின் பிறப்பிடத்தைத் திருவிதாங்கூர் என்றும், திருநெல்வேலி என்றும், தென்காசி என்றும் எழுதுவோர் வெவ்வேறு ஊர்களைக் குறிப்பிடவில்லை. ஒரே ஊரை வெவ்வேறு கால எல்லைகளின்படி குறிப்பிடுகின்றனர்.

குடும்பம் வறுமையில் இருந்தது. அக்காலத்தில் குரல்வளம் உள்ள சிறுவர்களை நாடக சபைகளில் சேர்ப்பது வழக்கம். அங்கு உணவும் இருப்பிடமும் பயிற்சியும் கிடைத்தன. கிட்டப்பாவும் மிகச் சிறு வயதிலேயே மேடை ஏறினார். இவருடைய சகோதரர்களும் நாடகத்துறையில் இருந்தனர். அவர்களுள் காசி ஐயர் ஆர்மோனியக் கலைஞராகப் புகழ்பெற்றவர்.

நாடக வாழ்க்கை

கிட்டப்பாவின் தொடக்கப் பயிற்சி, தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867 - 1922) சமரச சன்மார்க்க நாடக சபையில் அமைந்தது. இங்கு பாடல்களையும் உரையாடல்களையும் சிறுவர்கள் மனப்பாடம் செய்தனர். இராகங்களையும் பாடிப் பாடியே பழகினர்.

பின்னர் கன்னையாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பெரும் காட்சி அமைப்புகளுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பெயர்பெற்ற அக்குழுவின் தசாவதாரம் நாடகத்தில் நடித்துப் புகழடைந்தார். பிற்காலத்தில் சகோதரர்களுடன் சேர்ந்து சொந்தமாகவும் நாடகங்கள் நடத்தினார்.

அன்றைய நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும். கதை அனைவருக்கும் தெரிந்ததே. மக்கள் பாட்டைக் கேட்கவே வந்தனர். பிடித்த பாடலை மீண்டும் பாடச் சொல்லிக் கூவுவதும், ஒரே பாடலை நடிகர் புதிய சங்கதிகளுடன் திரும்பப் பாடுவதும் இயல்பு. இவ்வகையில் அன்றைய தமிழ் நாடகம் ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவை ஒத்திருந்தது எனலாம். ஓபராவில் உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகரான டெனருக்கு இருக்கும் இடம், தமிழ் மேடையில் இராஜபார்ட் நடிகருக்கு இருந்தது.

குரலும் சுருதியும்

கிட்டப்பா ஐந்து கட்டை சுருதியில் பாடினார் என்று பெரும்பாலான குறிப்புகள் கூறுகின்றன. கட்டை என்பது ஆர்மோனியத்தின் விசையைக் குறிக்கும். மேலை இசையின் சி என்னும் சுரம் ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து கட்டை. கருநாடக இசையில் ஆண் பாடகர்கள் பொதுவாக ஒரு கட்டை முதல் இரண்டரைக் கட்டை வரையிலும், பெண்கள் நான்கரை முதல் ஐந்தரைக் கட்டை வரையிலும் ஆதார சட்ஜத்தை வைத்துக்கொள்வர். ஐந்து கட்டையின் அதிர்வெண் ஒரு கட்டையின் அதிர்வெண்ணைப் போல் ஒன்றரை மடங்கு. எனவே ஐந்து கட்டையில் பாடும் ஆண், பெண் நடிகருடன் ஒரே சுருதியில் இணைந்து பாட முடியும்.

உயர் சுருதி அக்காலத்தில் மேடையின் தேவையாகவும் இருந்தது. ஒலிபெருக்கி இன்றித் திறந்தவெளிக் கொட்டகையில் குரல் எட்ட வேண்டும். தாழ்ந்த சுருதியில் பாடுவோரின் குரல் ஆர்மோனியத்திலும் மிருதங்கத்திலும் அமுங்கிவிடும். கிட்டப்பாவை வேறுபடுத்திக் காட்டியது உயரம் மட்டுமன்று. அந்த உயரத்திலும் குரல் இனிமை குன்றாமல், வேகமான பிருகாக்கள் தெளிவாக விழுந்தன என்பதே கேட்டவர்களின் பொதுவான கருத்து.

இசைத்தட்டுகள்

கிட்டப்பாவின் குரல் 78 சுழல் வேக இசைத்தட்டுகளில் பதிவாகியுள்ளது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிய முடியும். தேவாமிர்தவர்ஷணி இராகத்தில் அமைந்த எவரனி என்னும் தியாகராஜர் கீர்த்தனையும், காயாத கானகத்தே முதலிய நாடகப் பாடல்களும் இவற்றுள் புகழ்பெற்றவை. இரவு முழுவதும் பாடிய ஒருவரை மூன்று நிமிடத் துண்டுகளைக் கொண்டு மதிப்பிடுவதில் குறைபாடு உண்டு.

இன்று இணையத்தில் கிடைக்கும் ஒலிக்கோப்புகளைக் கொண்டு சுருதியைக் கணிப்பதிலும் எச்சரிக்கை தேவை. தட்டு சுழலும் வேகம் கூடினால் சுருதியும் கூடும். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு மிகுந்தால் சுருதி அரைச்சுரம் உயர்ந்துவிடும். பழைய பதிவுகள் அனைத்தும் சரியாக 78 வேகத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. எனவே ஒரு கோப்பில் ஐந்தரைக் கட்டை கேட்பதாலோ நான்கரை கேட்பதாலோ மட்டும் எதையும் உறுதி செய்ய இயலாது. வேகம் கூடும்போது பிருகாக்களும் விரைவாக ஒலிக்கும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்தது. தென்னிந்தியாவில் ஒலிப்பட நிலையங்கள் தோன்றும் முன்னரே கிட்டப்பா காலமாகிவிட்டார். இவர் திரைப்படங்களில் நடிக்கவில்லை. எனவே இவரது நடிப்பைப் பற்றிய மதிப்பீடுகள் அனைத்தும் நினைவுகளைச் சார்ந்தவையே.

திருமணங்கள்

கிட்டப்பா 1924இல் கிட்டம்மாளை மணந்தார்.

அக்காலத் தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்கு அடிக்கடி பயணம் செய்தன. கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாள் அப்போது கொழும்பு மேடைகளில் புகழ்பெற்றிருந்தார். 1926ஆம் ஆண்டளவில் இருவரும் அங்கு வள்ளி திருமணம் நாடகத்தில் இணைந்து நடித்தனர். இரு குரல்களும் ஒரே சுருதியில் போட்டியிட்டுப் பாடியதைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. 1927இல் இருவரும் மாயூரத்தில் திருமணம் செய்துகொண்டனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இது சாதி கடந்த திருமணம் ஆகும். தமிழகத்திலும் இருவரும் இணைந்து நடித்த நாடகங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. சில ஆண்டுகளில் இருவருக்கும் இடையே மனவேறுபாடு தோன்றிப் பிரிந்து வாழ்ந்தனர்.

மறைவு

நோயுற்றிருந்த கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அவர் அன்று முதல் நகைகளைத் துறந்து வெண்ணிற ஆடை அணிந்தார். எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்து, 1980இல் மறையும் வரை அதனைக் கடைப்பிடித்தார். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்தார். பின்னர் ஒளவையார் (1953) முதலிய படங்களில் மூதாட்டியாகவும் பக்தையாகவும் தோன்றினார்.

மதிப்பீடும் கருத்து வேறுபாடுகளும்

கலைஞர் என்ற முறையில்

கிட்டப்பாவை நாடகப் பாடகர் என்று மட்டும் குறிப்பிடுவோர், அவர் முறையான குருகுலப் பயிற்சி பெறவில்லை என்பதையும், சபைக் கச்சேரி மரபில் வந்தவரல்லர் என்பதையும் காரணமாகக் காட்டுவர். கச்சேரி உலகம் நாடக இசையை ஒரு படி குறைவாகவே கருதியது. நாடக மேடையின் முதன்மைக் கருவியான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்ததும் இக்காலத்து மனப்போக்கைக் காட்டும்.

மறு சாரார், கிட்டப்பா பாடிய தியாகராஜர் கீர்த்தனைகளையும் அவரது இராகத் தெளிவையும் சுட்டிக்காட்டி அவரைக் கருநாடக இசைக் கலைஞர் என்றே கூறுவர். கச்சேரி மேடையில் பெரும்புகழ் பெற்ற முசிறி சுப்பிரமணிய ஐயர் இளமையில் கிட்டப்பாவின் பாட்டால் கவரப்பட்டார் என்று கூறப்படுவதும் இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது.

மராத்தி நாடக மேடையுடன் ஒப்பிட்டால் இச்சிக்கல் தெளிவாகும். பால கந்தர்வர் (1888 - 1967) முதலியோர் பாடிய நாடகப் பாடல்கள் அங்கு நாட்டிய சங்கீதம் என்ற பெயரில் தனி இசை வகையாக மதிக்கப்படுகின்றன. இந்துஸ்தானி இசைக் கலைஞர்களும் அவற்றைத் தங்கள் கச்சேரிகளில் பாடுகின்றனர். அங்கு நாடகப் பாடகர் என்பது குறைவான பட்டமன்று. தமிழில் அவ்வாறு நிகழாததால், கிட்டப்பாவை உயர்த்த விரும்புவோர் அவரை நாடகத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டியதாகிறது. அவ்வாறு பிரித்தால் அவரை உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் மரபும், சீட்டு வாங்கி விடிய விடியக் கேட்ட எளிய மக்களும் மறைந்துவிடுவர். அவர் நாடகப் பாடகர், அந்த மேடையிலேயே கருநாடக இசையைத் தேர்ச்சியுடன் பாடினார் என்று இரண்டையும் சேர்த்துக் கூறுவதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

கணவர் என்ற முறையில்

சுந்தராம்பாளின் துறவு வாழ்க்கை மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. எனவே கிட்டப்பாவின் வரலாறு பெரும்பாலும் காதல் கதையாகவே எழுதப்பட்டது. வேறு சிலர் அவரைச் சுந்தராம்பாளைக் கைவிட்டவராகச் சித்தரித்தனர். சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் சில பிற்காலத்தில் அச்சில் வெளிவந்தன. அவற்றில் அன்பும் மனத்தாங்கலும் கலந்தே காணப்படுகின்றன. ஆகவே இரு சித்தரிப்புகளுமே முழுமையானவை அல்ல.

இவ்விரு கதைகளிலும் கிட்டம்மாளுக்கு இடமில்லை. கிட்டப்பாவின் மறைவால் கைம்பெண் ஆனவர்கள் இருவர். மேடையும் திரைப்படமும் அரசியலும் கண்ட சுந்தராம்பாளின் துயரம் பதிவாகியுள்ளது. கிட்டம்மாளைப் பற்றிக் கிடைப்பவை மிகச் சில குறிப்புகளே. ஒரு மனைவி இருக்க மற்றொரு பெண்ணை மணப்பது அன்று குற்றமாகக் கருதப்படவில்லை. இந்து ஆண்களின் பலதார மணத்தை நாடு முழுவதும் தடை செய்த சட்டம் 1955இல்தான் வந்தது. இது அக்காலச் சூழலை விளக்கும். ஆனால் அச்சூழலில் இரு பெண்கள் அடைந்த துன்பத்தை இல்லாததாக்காது.

மறைவுக்கான காரணம்

மதுப்பழக்கமே இவரது மறைவுக்குக் காரணம் என்று சிலரும், வயிற்று நோயே காரணம் என்று சிலரும் எழுதியுள்ளனர். இரண்டும் தொடர்புடையவை என்போரும் உளர். மது பற்றிய செய்தி நினைவுக் குறிப்புகளின் வழியே வந்தது. அதனை மறைப்பது வரலாறாகாது. அதனையே அவர் வாழ்க்கையின் முடிவுரையாக்குவதும் முறையாகாது. சிறு வயது முதல் ஓய்வின்றி இரவு முழுவதும் பாடி, பயணத்திலேயே வாழ்ந்த உடல் அது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தாக்கம்

கிட்டப்பாவுக்குப் பின் தமிழ்த் திரையில் நாயகர்களாக விளங்கியவர்கள் உயர்ந்த சுருதியில் பாடக்கூடியவர்களாகவே இருந்தனர். எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா, டி. ஆர். மகாலிங்கம் ஆகியோர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். 1945இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி திரைப்படத்தில் மகாலிங்கம் காயாத கானகத்தே பாடலைப் பாடியபோது, மூத்த இரசிகர்கள் அதில் கிட்டப்பாவின் பாணியைக் கண்டனர். ஒலிவாங்கி பரவிய பின் உரத்துப் பாட வேண்டிய தேவை நீங்கியது. தாழ்ந்த சுருதியில் மென்மையாகப் பாடும் முறை வழக்கத்திற்கு வந்தது. இன்றைய செவிகளுக்குக் கிட்டப்பாவின் பாட்டு முதலில் அயலாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.