மண்வளம் போற்றிய சேர் அல்பேட் ஹவார்ட்

கற்றவர் கல்லாதவரிடம் பாடங் கேட்டல் அரிது. கேட்டதை மறையாது உலகறியக் கூறுதல் அதனினும் அரிது. இவ்விரு பண்பும் ஒருங்கே அமையப் பெற்றவர் சேர் அல்பேட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேயப் பயிரியல் அறிஞர். இயற்கை வேளாண்மைக்கு அடிகோலியோருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்க அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1873ஆம் ஆண்டு திசெம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்திலே சுரொப்சயர்ப் பகுதியில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுத் தேறி, 1899இல் மேற்கிந்தியத் தீவுகளிற் பயிர்நோய் ஆராயும் பதவி ஏற்றார். கரும்பின் நோய்களை ஆராய்ந்த அந்நாளில் ஒரு குறை அவர் உள்ளத்தை வருத்திற்று. உழவர்க்குப் பரிகாரம் உரைக்கும் தமக்கு, அதனைத் தாமே செய்து பார்க்கச் சொந்தமாக விளைநிலம் இல்லையே என்பதே அக்குறை.

1905இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபின் அக்குறை நீங்கியது. அங்கே 75 ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்தது. அயலூர் உழவர் பூச்சிமருந்து எதுவுமின்றி நோயற்ற பயிர் விளைவித்தலைக் கண்டு வியந்தார். அவ்வுழவரையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். பொருந்தா இனத்தை விதைத்தாலும், மண்ணைப் பேணாது விட்டாலும் பயிர் மெலியும். அம்மெலிவை அறிவிக்க வருவனவே பூச்சியும் பூஞ்சணமும் என்பது அவர் கண்ட முடிபு. தூதனைக் கொல்வதால் தூதுச் செய்தி பொய்யாகாதன்றோ!

அவர்தம் துணைவியார் கபிரியேல் அம்மையாரும் சிறந்த பயிரியல் அறிஞர். இருவரும் கூடி உருவாக்கிய கோதுமை இனங்களுள் பூசா 4 பெரும் புகழ் பெற்றது. ஆயினும், ஆராய்ச்சியைத் துறை துறையாகக் கூறுபோடும் வழக்கம் ஹவார்டுக்கு உடன்பாடன்று. மண், பயிர், கால்நடை, மனிதர் ஆகிய நான்கின் நலமும் ஒன்றே என்பது அவர் கொள்கை. அக்கொள்கைவழி நடத்தற்கென 1924இல் இந்தூரிலே ஒரு நிலையம் அமைந்தது.

அங்கே உருவானதே இந்தூர் முறை. செடிகொடிக் கழிவு மூன்று பங்கு, சாணம் முதலிய கால்நடைக் கழிவு ஒரு பங்கு. இவற்றைச் சாம்பலும் மண்ணும் சேர்த்து அடுக்கடுக்காய் இட்டு, நீர் தெளித்து, இடையிடையே புரட்டினால் ஏறத்தாழ மூன்று திங்களில் நல்ல எரு கிடைக்கும். மண்ணிற் பெற்றதை மண்ணுக்கே மீட்டளித்தல் இதன் உட்பொருள். 1930இல் அம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டு, உடன் உழைத்த யஸ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து ஹவார்ட் இம்முறையை நூலாக்கினார். 1934இல் சேர் பட்டமும் பெற்றார். வேளாண்மைச் சாசனம் எனப் பொருள்படும் பெயருடைய அவரது பெருநூல் 1940இல் வெளிவந்தது. 1947 ஒக்டோபர் 20இல் அவர் காலமானார்.

நன்கு வளர்ந்த பயிரைப் பூச்சி அணுகாது என்னும் அவர் கூற்றைப் பின்வந்த அறிஞர் முழுவதும் ஏற்றாரல்லர். எனினும், மண்வளமே பயிர்நலத்தின் அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆட்டுப்பட்டி அடைத்தும், பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தும் நம் முன்னோர் தோட்டஞ் செய்தமை இதுபற்றியே.

கொழும்புத்துறையில் வாழும் நமக்கு இவ்வுண்மை மிக நெருங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல்லிலே உப்புநீரின்மேல் மிதக்கும் மழைநீரே நம் கிணற்று நீர். நிலத்தில் அளவிறந்து இடும் உரமும் நஞ்சும் அந்நீரையே சென்றடையும். அதற்காக உரத்தை ஒரே நாளில் விலக்கிவிடுதலும் அறிவுடைமையன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, விளைச்சல் குன்றி, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை நீங்கியதை நாம் கண்டோம். முதலில் மண்ணைத் தேற்றுதல், பின்னர் உரத்தைக் குறைத்தல் என்பதே ஹவார்டின் வாழ்வு நமக்குக் காட்டும் ஒழுங்கு.

மாணவர்காள்! வளவுக் குப்பையை எரியாது ஒரு குழியில் இட்டுப் பாருங்கள். மூன்று திங்கள் பொறுத்தால் அக்குழியே உங்கட்குப் பாடஞ் சொல்லும்.