காணாததைக் கண்டவர்

பொருளியல் பாடம் பயிலும் நாம் தொடக்கத்திலேயே வரைந்து பழகும் படம் ஒன்று உண்டு. ஓர் அச்சில் உணவு தானியம், மற்றோர் அச்சில் படைக்கலம், இரண்டையும் இணைத்து வெளிப்புறமாக வளைந்து செல்லும் ஒரு கோடு. இதனை உற்பத்தி வாய்ப்பு வளைகோடு என்பர். இருக்கின்ற நிலமும் உழைப்பும் முதலும் முழுவதும் ஈடுபட்டிருக்கையில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்தே தீரும். அவ்வாறு கைவிட்டதே வாய்ப்புச் செலவு. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆயினும், இந்தக் கருத்தைச் சாதாரணக் கடைக்காரருக்கும் விளங்கும்படி எழுதிவிட்டு 49 வயதிலேயே மறைந்த ஒருவரின் வாழ்வை அறிந்துகொண்டால், அந்தக் கோடு நமக்கு இன்னும் நெருக்கமாகும். அவர்தாம் ஃபிரடெரிக் பாஸ்தியா.

பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள பயோன் என்னும் துறைமுக நகரில், 1801ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் பிறந்தார். ஒன்பது வயதிற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். பாட்டனாரும் அத்தையாரும் அவரை வளர்த்தனர். சொரேஸ் என்னும் ஊர்ப் பள்ளியில் பயின்றபோது கால்மெத் என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு கவிதைப் பரிசை வென்றார். பரிசோ ஒரே ஒரு தங்கப் பதக்கம்! அதை எப்படிப் பங்கிடுவது? கால்மெத்துக்குப் பெற்றோர் இருக்கின்றனர், ஆகவே அதைக் கண்டு மகிழும் உரிமை அவர்களுக்கே உரியது என்று கூறி, அநாதையாகிய பாஸ்தியா பதக்கத்தை நண்பருக்கே விட்டுக்கொடுத்தாராம். ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் கற்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

படிப்பை முடிக்காமலே 17ஆம் வயதில் மாமனின் வணிக நிலையத்தில் சேர்ந்தார். 1825இல் பாட்டனார் காலமாகவே, முக்ரோன் என்னும் சிற்றூரிலிருந்த நிலபுலன்கள் அவருக்கு வந்தன. வேளாண்மையில் புதிய முறைகளைப் புகுத்திப் பார்த்தார், பெரிதாகப் பலிக்கவில்லை. 1831இல் அவ்வட்டாரத்தின் நீதிபதியானார். மற்றபடி, அண்டை வீட்டுக்காரரான ஃபெலிக்ஸ் குத்ருவாவுடன் நூல்களைப் படிப்பதும் விவாதிப்பதுமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓசையின்றிக் கழிந்தன.

1844இல் பாரிசிலிருந்து வெளிவந்த ஒரு பொருளியல் இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். அது தலைநகரத்து அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. பிறகு அவர் நேரில் வந்தபோது, நாட்டுப்புறத் தொப்பியும் தொளதொளத்த மேலங்கியும் பெரிய குடையுமாக நின்ற மனிதரைக் கண்டு அவர்கள் மீண்டும் வியந்தார்களாம். 1845இல் அவர் எழுதிய நையாண்டி விண்ணப்பம் இன்றும் சிரிப்பூட்டுவது. மெழுகுவத்தி செய்வோர் எல்லாரும் கூடி, சூரியன் இலவசமாக ஒளி தந்து தங்கள் தொழிலைக் கெடுக்கிறது, ஆதலால் நாட்டிலுள்ள சன்னல்களையெல்லாம் அடைக்கச் சட்டம் வேண்டும் என்று மன்றத்தாரிடம் முறையிடுவதாக அது அமைந்திருக்கும். மலிவான அயல்நாட்டுப் பொருளைச் சுங்க வரியால் தடுத்தவர்களுக்கு அது சரியான சாட்டையடி.

1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாஸ்தியா தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிதிக் குழுவின் துணைத் தலைவராகவும் இருந்தார். ஆனால் தொண்டையைப் பற்றிய நோய் அவர் குரலைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டிருந்தது. மேடையில் பேச முடியாதவர் எழுதத் தொடங்கினார். அந்த நிலையில்தான், காண்பதும் காணாததும் பற்றிய சிறு நூல் உருவாயிற்று. வீடு மாறும்போது முதற் கையெழுத்துப் படி தொலைந்தது. தேடிச் சலித்து, முழுவதையும் மறுபடி எழுதினார். அது மிகக் கடினமாகிவிட்டதென்று தாமே அதை நெருப்பில் இட்டார்! மூன்றாம் முறை எழுதியதே 1850 ஜூலையில் அச்சேறியது. நோயாளி ஒருவருக்கு மூன்று முறை எழுதுவது எத்தகைய பாடு!

அதில் வரும் கதை இது. ஒரு கடைக்காரரின் மகன் சன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடி நின்றவர்கள், பரவாயில்லை, கண்ணாடி உடையாவிட்டால் கண்ணாடி பதிப்பவன் எப்படிப் பிழைப்பான் என்று ஆறுதல் சொல்கின்றனர். அவனுக்கு ஆறு ஃபிராங்க் கிடைப்பதை எல்லாரும் காண்கின்றனர். அந்த ஆறு ஃபிராங்கில் கடைக்காரர் ஒரு சோடி காலணியோ ஒரு நூலோ வாங்கியிருப்பார். அதை யாரும் காண்பதில்லை. உடையாதிருந்தால் அவரிடம் கண்ணாடியும் இருக்கும், காலணியும் இருக்கும். படைவீரர்களைப் பற்றியும் அவர் இவ்வாறே கணக்கிட்டார். நாட்டின் காவலுக்குத் தேவையெனில் படை வைப்பது முறையே. ஆனால் இலட்சம் வீரர்கள் செலவு செய்வதால் வணிகம் செழிக்கிறது என்று வாதிடுவது தவறு; அவர்களுக்காக வரி கொடுத்த குடியானவர்களின் கையில் அதே பணம் என்ன செய்திருக்கும் என்பதையும், அந்த இலட்சம் பேர் வயலிலும் பட்டறையிலும் விளைவித்திருக்கக் கூடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். நம் படத்தின் இரண்டு அச்சுகளும் இங்கேயே இருக்கின்றன அல்லவா?

இதற்கு மறுப்பும் உண்டு. பலர் வேலையின்றி இருக்கும் மந்த காலத்தில் நாடு வளைகோட்டுக்கு உள்ளேயே நிற்கிறது. அப்போது ஒன்றைக் கைவிடாமலே மற்றொன்றைக் கூட்ட இயலும் என்று பிற்காலப் பொருளியலார் காட்டினர். அது நியாயமே. பாஸ்தியா அதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. வாய்ப்புச் செலவு என்ற பெயரும் அவர் இட்டதன்று. அக்கருத்தை முறைப்படி வகுத்த ஆஸ்திரிய அறிஞர் வீசர் பிறந்ததே 1851இல்தான்.

தம் வாழ்வின் பெருநூலாக அவர் கருதிய பொருளியல் இசைவுகள் பற்றிய நூலின் முதற் பகுதி மட்டுமே அவர் கண்முன் வெளிவந்தது. எஞ்சியதை எழுதவேண்டிய மாதங்களைத்தான் உடைந்த கண்ணாடியும் இலட்சம் வீரர்களும் எடுத்துக்கொண்டன. பெருநூலை இன்று படிப்போர் சிலரே. சிறு நூலோ பல மொழிகளில் உலவுகிறது. அவர் சரியானதைத்தான் தேர்ந்தார் என்பது நம் எண்ணம். அவருக்கு அது அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

மருத்துவர்கள் அவரை இத்தாலிக்கு அனுப்பினர். முதலில் பீசா, பின்னர் உரோமை. குருவான ஓர் உறவினரும் நண்பர் பையோத்தேயும் அருகிலிருக்க, 1850 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில் அவர் உயிர் நீத்தார். உரோமையில் பிரெஞ்சு மக்களுக்குரிய புனித லூயி ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். ஆயத்துறையில் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு அழைப்பதாகக் கராவாஜியோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் இருப்பதும் அதே ஆலயத்தில்தான்.