தஞ்சாவூர் மாத்திரையைச் சோதித்த டாக்டர்: யார் இந்த பேட்ரிக் ரஸ்ஸல்?

காவிரி டெல்டா வயல்களில் இறங்குபவர்கள் ரொம்பவே பயப்படும் பாம்பு கண்ணாடி விரியன். ஆங்கிலத்தில் அதற்கு 'ரஸ்ஸல் வைப்பர்' என்று பெயர். யார் இந்த ரஸ்ஸல்?

பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து டாக்டர். சிரியாவின் அலெப்போ நகரில் பிளேக் நோயைப் பற்றி ஆராய்ந்தவர். 1780-களின் தொடக்கத்தில் சகோதரருடன் விசாகப்பட்டினம் வந்தார். தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்து, பின்னர் கிழக்கிந்திய கம்பெனியின் இயற்கை ஆய்வாளரான கோனிக் 1785-ல் இறந்துபோக, அந்தப் பொறுப்பு ரஸ்ஸலுக்கு வந்தது.

எது விஷப்பாம்பு, எது சாதுவான பாம்பு? இதை மக்களுக்குப் புரியவைப்பதுதான் அவர் நோக்கம். பாம்புகளைச் சேகரித்து, நாய்களையும் கோழிகளையும் கடிக்கவைத்துப் பார்த்தார்.

மாத்திரையில் என்ன இருந்தது?

அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்கு 'தஞ்சாவூர் மாத்திரை' ரொம்ப பிரபலம். மூலிகை வேர்கள், மிளகு, பாதரசத்தோடு ஆர்சனிக் எனும் பாஷாணமும் அதில் உண்டு. ரஸ்ஸல் அதையும் சோதித்தார். நிச்சயமான விஷமுறிவு மருந்து என்று அவர் ஏற்கவில்லை.

அப்படியென்றால் சிலர் பிழைத்தது எப்படி? சில கடிகளில் பாம்பு விஷத்தையே இறக்காது. பிழைத்தவர் மாத்திரையால் பிழைத்ததாக நம்பிவிடுவார்.

ஆர்சனிக் எல்லோருக்கும் ஒன்றா?

இல்லை. ஆர்சனிக்கை மாற்றி, சிறுநீரில் வெளியேற்ற உதவும் நொதி நம் கல்லீரலில் இருக்கிறது. அதன் மரபணு ஆளுக்கு ஆள், மக்கள்கூட்டத்துக்கு மக்கள்கூட்டம் கொஞ்சம் மாறும். அர்ஜென்டினாவின் ஆண்டஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக ஆர்சனிக் கலந்த தண்ணீர் குடித்த மக்களிடம், அதை வேகமாக வெளியேற்றும் மரபணு வகை அதிகம் என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே மாத்திரை ஒருவருக்குச் சும்மா போகலாம், இன்னொருவரைப் படுக்கவைக்கலாம். ரஸ்ஸல் காலத்தில் மரபணு என்ற சொல்லே கிடையாது. நாயையும் கோழியையும் வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த நொதி ஆர்சனிக்குக்குத்தான், பாம்பு விஷத்துக்கு அல்ல. 'என் உடம்பு தாங்கும்' என்று யாரும் இருந்துவிட முடியாது.

ரஸ்ஸலின் பாம்பு நூல் 1796-ல் வெளியானது. 1805-ல் லண்டனில் காலமானார். உண்மையான விஷமுறிவு ஊசி வர அதற்குப் பிறகு சுமார் 90 ஆண்டுகள் ஆனது. இன்று அது அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், நாட்டு மாத்திரை தேடாமல் நேராக அங்கே போவதுதான் உயிரைக் காக்கும்.