முதலில் குளுக்கோஸ்.. அப்புறம்தான் லாக்டோஸ்! பாக்டீரியாவின் 'சுவிட்ச்'சை கண்டுபிடித்த ஜாக் மோனோ யார்?

ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாமே எப்போதும் வேலை செய்வதில்லை. எது எப்போது இயங்கணும்னு யார் முடிவு பண்றாங்க? இதற்கு விடை தேடியவர்தான் பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மோனோ.

போருக்கு நடுவே ஆய்வு

1910-ல் பாரிஸில் பிறந்தவர் மோனோ. சிறுவயதில் போலியோ தாக்கி காலில் பாதிப்பு. ஆனாலும் மலை ஏறினார், செல்லோ வாசித்தார்.

1940-ல் பாரிஸ், ஜெர்மனி வசமானது. அப்போது அவர் பாக்டீரியாவுக்கு இரண்டு வகை சர்க்கரையை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். பாக்டீரியா வேகமாகப் பெருகியது.. திடீரென நின்றது.. மறுபடி பெருகியது! ஒரு சர்க்கரை தீர்ந்த பிறகே அடுத்ததைத் தொட்டது. நடுவில் ஏன் இந்த இடைவெளி?

இதற்கிடையே நாஜிகளை எதிர்க்கும் ரகசியப் படையிலும் சேர்ந்தார் மோனோ. ரகசியக் காகிதங்களை, ஆய்வகத்துக்கு வெளியே இருந்த ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கால் எலும்புக்குள் ஒளித்து வைத்தார்.

அந்த சுவிட்ச் எப்படி வேலை செய்யுது?

போருக்குப் பின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு தொடர்ந்தது. 1961-ல் பிரான்சுவா ஜாக்கோபுடன் சேர்ந்து விடையை வெளியிட்டார்.

* லாக்டோஸை உடைக்க ஈ.கோலை பாக்டீரியாவுக்கு தனி நொதி தேவை.
* லாக்டோஸ் இல்லாதப்போ, ஒரு புரதம் டிஎன்ஏ மீது உட்கார்ந்து அந்த மரபணுவைப் பூட்டிவிடும்.
* லாக்டோஸ் உள்ளே வந்தால், அதிலிருந்து உருவாகும் மூலக்கூறு அந்தப் புரதத்தை விலக்கிவிடும். நொதி தயாராகும்.
* குளுக்கோஸ் இருக்கும்வரை இந்த உற்பத்தி மிகக் குறைவு. அது தீர்ந்ததும் நொதி தயாராக ஆகும் நேரம்தான் அந்த இடைவெளி!

தேவையில்லாத பொருளைத் தயாரித்து சக்தியை வீணாக்காத சிக்கனம் இது. இந்த அமைப்புக்குப் பெயர் 'லாக் ஓபரான்'.

நமக்கு என்ன பயன்?

1965-ல் மோனோ, ஜாக்கோப், ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூட்டுப் புரதத்தை மற்ற விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்! 1971-ல் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநரான மோனோ, 1976 மே 31-ம் தேதி கான் நகரில் காலமானார்.

இரண்டே ஆண்டுகளில், 1978-ல், பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலின் தயாரிக்கப்பட்டது. அந்த மரபணுவை இயக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தியது இதே லாக்டோஸ் சுவிட்சைத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆய்வகத்திலேயே இன்சுலின் உருவாக்கும் வழி அங்கிருந்துதான் திறந்தது.